உஷார்! வீடியோவில் பேசுவது உங்கள் பிள்ளைதானா?

மடுல்சீமை, பசறைப் பக்கத்து அம்மாமாரே, அக்காமாரே! பிள்ளை டுபாயிலோ கட்டாரிலோ கொழும்பிலோ இருக்கிற வீடா உங்களுடையது? அப்படியென்றால் இதை இன்றைக்கே வாசியுங்கள்.

முகம் தெரிகிறது என்பதற்காக நம்பாதீர்கள். குரல் கேட்கிறது என்பதற்காகவும் நம்பாதீர்கள்.

'கோட்' படத்தில் விஜயகாந்தைப் பார்த்திருப்பீர்கள். படம் வந்தது 2024 செப்டெம்பரில். அவர் இறந்ததோ 2023 டிசம்பர் 28. திரையில் வந்தது கம்ப்யூட்டர் செய்த முகம். 2024இலேயே 'லால் சலாம்' படப் பாட்டில் பாடகர் சாகுல் ஹமீதின் குரல் கேட்டது. அவர் 1997இலேயே போய்விட்டார். சினிமாக்காரர்கள் அந்தக் குடும்பங்களிடம் கேட்டுச் செய்தார்கள். திருடன் யாரைக் கேட்பான்?

2014இல் 'கோச்சடையான்' வந்தபோது நிலைமை வேறு. ரஜினியின் அசைவைக் கருவி வைத்துப் பதிந்தார்கள், மறைந்த நாகேஷையும் கொண்டுவந்தார்கள். ஆனாலும் "பொம்மை மாதிரி இருக்கே" என்றுதான் பலரும் சொன்னார்கள். கண்ணில் உயிர் இல்லை. பிறந்ததிலிருந்து மனித முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சிமிட்டலில், சிரிப்பில் ஒரு சின்னப் பிசகு இருந்தாலும் மனசுக்கு ஒட்டாது. நடிகருக்குப் பதில் கம்ப்யூட்டர் மனிதரை நிறுத்த நினைத்தவர்களுக்கு அது பெரிய தலைவலி. நமக்கு அதுதான் காவலாக இருந்தது.

அந்தக் காவல் போய்விட்டது!

பெரிய திரையில் ஏமாற்றுவது இன்னும் கஷ்டம்தான். ஆனால் உங்கள் போன் உள்ளங்கை அளவுதான். அதுவும் நம் மலையில் சிக்னல் எப்படி என்று சொல்லவே வேண்டாம். படம் உறையும், குரல் அறுந்து வரும், முகம் மங்கும். நமக்கு அது பழகிப்போச்சு. பொய் முகத்தில் உள்ள பிசகெல்லாம் அந்த மங்கலுக்குள் மறைந்துவிடும்.

கேரளத்துக் கோழிக்கோட்டில் 2023 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். பழைய கூட்டாளியின் படத்தோடு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. டுபாய் விமான நிலையத்தில் நிற்கிறாராம், சொந்தக்காரருக்கு அவசர ஒப்பரேஷனாம், 40,000 இந்திய ரூபாய் வேண்டுமாம். பெரியவருக்குச் சந்தேகம். உடனே வீடியோ கோல் வந்தது! அதே முகம். உதடு அசைகிறது, கண் சிமிட்டுகிறது. அரை நிமிஷம்கூட இல்லை, துண்டிப்பு. பணத்தைப் போட்டுவிட்டார். மறுபடியும் பணம் கேட்டபோதுதான் உறைத்தது. கூட்டாளியின் பழைய நம்பருக்கு எடுத்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது.

டுபாய், ஆஸ்பத்திரி, அவசரம். நம் லயங்களுக்கும் அளவெடுத்துத் தைத்த கதை இது.

எப்போது பயப்பட வேண்டும்? நம்பர் புதிதா, பயப்படுங்கள். "அப்பாவிடம் சொல்லாதே" என்றால் இன்னும் பயப்படுங்கள். முகம் மட்டும் கிட்டத்தில் தெரிந்து, தோளும் கையும் தெரியாவிட்டால், "இந்தப் பக்கம் திரும்பு, கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோ" என்று சொல்லிப் பாருங்கள். பொய் முகம் பல நேரம் அங்கே கலையும். ஆனால் இதையே நம்பி இருக்காதீர்கள், திருடனும் படிக்கிறான். கோலை வெட்டுங்கள். பிள்ளையின் பழைய நம்பருக்கு நீங்களே எடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை இன்றைக்கே பேசி வையுங்கள். அதை பேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து!

ஜனாதிபதியோ கிரிக்கெட் வீரரோ "பணம் போட்டால் இரட்டிப்பு" என்று பேசும் வீடியோவும் இதே ரகம்தான்.

பொம்பளைப் பிள்ளைகள் உள்ள வீடுகளே! 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடம்பில் ஒட்டிப் பரப்பினார்கள். அவ்வளவு பெரிய நடிகைக்கே அந்தக் கதி. திருவிழாவில் எடுத்த ஒரு தெளிவான படம் போதும், உங்கள் மகளுக்கும் செய்யலாம். அப்படி யாராவது மிரட்டினால் பிள்ளையை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவன் காசு பார்க்கிறான். காசு கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். முதலில் வங்கிக்கு எடுங்கள், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். பிறகு இணைய மோசடி முறைப்பாடுகளை ஏற்கும் இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) 101 இலக்கத்துக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள். வந்த செய்தி, நம்பர், ரசீது எதையும் அழிக்காதீர்கள்.