முன்கூட்டி விழிக்கும் பீச் மொட்டு

கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் வீட்டுத் தோட்டத்துக்குப் பீச் கன்று தேடுகிறவர்கள், "எத்தனை டிகிரி குளிரைத் தாங்கும்?" என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நர்சரிகளும் அந்த எண்ணைச் சொல்லியே விற்கின்றன. ஒன்டாரியோவில் பின்வளவோடு வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கேள்வி தவறில்லை, ஆனால் அது பாதிக் கேள்விதான். மரம் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதைவிட, அதன் மொட்டு எப்போது விழிக்கும் என்பதே அந்த ஆண்டு பழம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது.

ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும் பீச் பூமொட்டு, தன்னுள் இருக்கும் நீரை மைனஸ் 23, மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரைகூட உறையவிடாமல் காக்கும். அதற்கும் கீழே போனால் நீர் சட்டென்று உறைந்து பூவின் நடுப்பகுதி கருகிவிடும். மரத்தின் கட்டை இன்னும் சில டிகிரி தாங்கும். ஆனால் இந்த எல்லை குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிரில் இத்தனை மணி நேரம் கழிய வேண்டும் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அது நிறைவேறும்வரை இடையில் வெயில் அடித்தாலும் மொட்டு அசையாது. நிறைவேறிய பிறகோ, இளஞ்சூடான ஒவ்வொரு நாளும் அதன் தாங்குதிறனைக் கரைக்கும். மொட்டு பருக்கத் தொடங்கிவிட்டால் மைனஸ் 8 டிகிரியிலேயே சேதம் ஆரம்பமாகும். பூத்து நிற்கும்போது மைனஸ் 3 டிகிரியில் பத்தில் ஒரு பூவும், மைனஸ் 4.5 டிகிரியில் பத்தில் ஒன்பது பூக்களும் போய்விடும்.

அண்மை ஆண்டுகள் இதைக் கசப்பாகக் காட்டின. 2023 ஜனவரி நியூ இங்கிலாந்து மாநிலங்களில் வழக்கத்துக்கு மாறான சூட்டோடு கழிந்தது. பிப்ரவரி 4 அன்று பாஸ்டனில் வெப்பநிலை மைனஸ் 23 வரை இறங்க, அந்த வட்டாரத்தில் பீச் விளைச்சல் ஏறக்குறைய இல்லாமலே போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கிலும் அப்படித்தான். சூடான டிசம்பரை அடுத்து 2024 ஜனவரி நடுவில் வந்த கடுங்குளிர், அந்த ஆண்டுப் பீச்சை அநேகமாக முழுவதும் அழித்தது. பாஸ்டனின் மைனஸ் 23 டிகிரியே மொட்டைக் கொல்லப் போதுமே என்று கேட்கலாம். அது எல்லைக்கோட்டுக் குளிர் என்பது உண்மை. ஆனால் முழு உறக்கத்தில் இருக்கும் மரத்தில் அந்தக் கோட்டிலும் ஒரு பங்கு மொட்டு மிஞ்சும். பீச்சுக்கு அந்த ஒரு பங்கே போதும். பத்தில் ஒரு பூ பிழைத்தாலே மரம் நிறையக் காய்க்கும்.

அப்படியானால் ரகத் தேர்வுக்கு மதிப்பில்லையா? உண்டு, அளவுகோலைத்தான் மாற்ற வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 1964-இல் வெளியிட்ட 'ரிலையன்ஸ்', மைனஸ் 30 டிகிரியை ஒட்டிய குளிரையும் தாங்கும் மரம் என்று பெயர் எடுத்தது. மற்ற ரகங்கள் பிழைக்காத இடத்தில் அதை நடுவது நியாயமே. மற்ற இடங்களில் 'கன்டெண்டர்' ரகத்தைத்தான் பரிந்துரைப்பேன். அதற்குச் சுமார் 1,050 மணி நேரக் குளிர் வேண்டும், பூப்பதும் தாமதம். அது பிறந்த வட கரோலினா கடுங்குளிருக்குப் பேர்போன மாநிலம் அல்ல. அங்கே பயிரை மிரட்டுவது வசந்தகால உறைபனி. பழத்தின் சுவையிலும் கன்டெண்டரே மேல்.

இடத்தேர்வில்தான் நல்லெண்ணம் கெடுதலாக முடிகிறது. தெற்குச் சுவரோரம் நட்டால் கதகதப்பாக இருக்கும் என்பார்கள். கோடையில் சூடு போதாத, குளிர்காலம் மிதமான இங்கிலாந்தில் அது நல்ல யோசனை. வட அமெரிக்காவின் உட்பகுதியில் அதே சுவர் பிப்ரவரி வெயிலை வாங்கி மொட்டை எழுப்பிவிடும். இரவில் அதைக் காப்பாற்றும் அளவு சூடு சுவரிடம் இருக்காது. ஒன்டாரியோவின் பீச் தோட்டங்களில் பெரும்பாலானவை நயாகரா வட்டாரத்தில் இருப்பதைப் பாருங்கள். ஒன்டாரியோ ஏரி, கோடையில் வாங்கிய சூட்டால் குளிரின் கடுமையைத் தணிக்கிறது. வசந்தத்திலோ நீர் குளிர்ந்தே கிடப்பதால் கரையோர மரங்கள் தாமதமாகப் பூக்கின்றன. இந்தத் தாமதம் வீட்டிலும் வேண்டுமானால் சுவரை விட்டு விலகி, சற்று மேடான, கோடையில் நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் நட வேண்டும். வடக்கு நோக்கிய சரிவு கிடைத்தால் இன்னும் நல்லது. பள்ளம் கூடாது, குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலத் தாழ்வை நோக்கி வடியும்.

ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து கொடுத்தால் இளந்தளிர் முற்றாமலே குளிரில் மாட்டிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் கவாத்து செய்வதும் மரத்தின் தாங்குதிறனைக் குறைக்கும். பீச் போன ஆண்டுக் குச்சியில்தான் காய்க்கும் என்பதால் கவாத்தைத் தவிர்க்கவும் முடியாது. அதை வசந்தம்வரை தள்ளிப்போட வேண்டும். மார்ச் முடிவில் சில மொட்டுகளைப் பிளேடால் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் நடுப்பகுதி பச்சையாக இருப்பவை உயிரோடு இருக்கின்றன, கறுத்தவை போய்விட்டன. கொஞ்சமே மிஞ்சியிருந்தால் கத்தரிக்கோலை மெல்ல ஓட்டலாம். நிறைய மிஞ்சியிருந்தால் தாராளமாக வெட்டி, பின்னர் பிஞ்சுகளையும் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஒன்றாகக் கலைத்துவிட வேண்டும்.