கர்ப்பிணியின் வயிறும் சிறுநீரகமும்: எது இயல்பு, எது எச்சரிக்கை?

கர்ப்பம் உறுதியான சில வாரங்களிலேயே பெண்கள் சொல்லத் தொடங்கும் தொந்தரவுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். காலையில் குமட்டல், சாப்பிட்டதும் நெஞ்சுக் கரிப்பு, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர். “பிள்ளைத்தாச்சின்னா இதெல்லாம் சகஜம்தானே” என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றுவார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ‘சகஜம்’ என்று ஒதுக்கிவிடுகிறபோது சில ஆபத்தான அறிகுறிகளும் கவனிக்கப்படாமல் போய்விடுகின்றன. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

தளரும் தசைகள்

இந்தத் தொந்தரவுகளில் பலவற்றுக்கு மூலகாரணம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். முதல் சில வாரங்கள் இதைச் சினைப்பை சுரக்கிறது. பிறகு அந்தப் பொறுப்பை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்கிறது. கர்ப்பப்பையின் சுவர், நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் தானாக இயங்கும் மென்தசையால் ஆனது. பிரசவ நேரம் வரும்வரை அது சுருங்கிவிடக் கூடாது. அப்படிச் சுருங்காமல் காப்பது புரோஜெஸ்டிரோனின் முக்கியமான வேலை. ஆனால் இந்த ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பெங்கும் போகிறது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி, குடல், பித்தப்பை, சிறுநீர்க்குழாய் எல்லாவற்றிலும் இருப்பது அதே வகைத் தசை. கர்ப்பப்பையோடு சேர்ந்து அவையும் தளர்கின்றன.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வட்டமாக ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் இறுக மூடிக்கொள்ளும். இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்கும், உணவுக்குழாய் தாங்காது. வட்டத்தசை தளர்ந்ததும் அமிலம் மேலே எதுக்களிக்கிறது, நெஞ்சு எரிகிறது. மாதங்கள் போகப்போகக் கர்ப்பப்பையும் கீழேயிருந்து நெருக்குகிறது. சாதாரண நாளில் 70 கிராம் அளவே இருக்கும் அது, பிரசவ நேரத்தில் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். 20 வாரங்களில் தொப்புள் உயரத்துக்கு வந்து, 36 வாரங்களில் விலா எலும்பை எட்டிவிடும். அதனால்தான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் எரிச்சல் கூடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுவதும், இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுவதும், தலைப்பக்கத்தை உயர்த்தி இடதுபுறம் ஒருக்களித்துப் படுப்பதும் நல்ல பலன் தரும்.

நெஞ்சு கரித்தால் குழந்தைக்கு முடி முளைக்கிறது என்று நம் ஊரில் சொல்வார்கள். அமெரிக்காவிலும் இந்த நம்பிக்கை உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதைப் பொய்யென்று காட்டலாம் என்று இறங்கினார்கள். 2006-ல் வெளியான அவர்களுடைய சிறிய ஆய்வில், எரிச்சல் அதிகம் இருந்தவர்களின் குழந்தைகளுக்கு முடியும் அதிகம் இருந்தது. முடி எரிச்சலை உண்டாக்குவதில்லை. இரண்டுக்கும் பின்னால் ஒரே ஹார்மோன்கள் இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

மசக்கையும் மலச்சிக்கலும்

மசக்கை வாந்தி பொதுவாக ஆறாவது வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்தைத் தொட்டு, நான்கைந்து மாதத்துக்குள் அடங்கிவிடும். இது மனப்பிரமை என்று பெண்களைக் குறை சொன்ன காலம் உண்டு. 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கருவும் நஞ்சுக்கொடியும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அது மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களின் உடம்புக்கு அது பழக்கமில்லாததால், வாந்தி கடுமையாகிறது. பாதுகாப்பான மருந்துகள் உண்டு. ஆனால் மருத்துவர் சொல்லாமல் எதையும் விழுங்கக் கூடாது. மேற்கு ஜெர்மனியில் 1957-ல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடை மசக்கைக்காகப் பல நாட்டுக் கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். கைகால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தார்கள்.

தசை தளர்ந்ததால் குடலின் ஓட்டமும் மந்தமாகிறது. உணவிலிருந்து சத்தை உறிஞ்சக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அதே நேரத்தில் பெருங்குடல் நீரையும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்வதால் மலம் இறுகுகிறது. முக்கி முக்கிப் போனால், ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் ஆசனவாய் ரத்தக்குழாய்கள் வீங்கி மூலமாகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அந்த இரும்பும் சிலருக்கு மலத்தை இறுக்கும்; நிறத்தைக் கறுப்பாக்கும். கறுப்பு நிறத்தைக் கண்டு பயந்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிடாதீர்கள். ரத்தசோகை மலச்சிக்கலைவிடப் பல மடங்கு கொடியது. கீரை, வாழைத்தண்டு, கொய்யா, முளைகட்டிய பயறு, தாராளமாகத் தண்ணீர், தினமும் சிறிது நடை. இவற்றுக்கும் அடங்காவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். மாத்திரையைக் காபி, டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். இரும்பு உடம்பில் சேராது.

சிறுநீரகத்தின் கூடுதல் உழைப்பு

கர்ப்பிணியின் உடம்பில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. குழந்தையின் கழிவுகளும் தாயின் ரத்தம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் சிறுநீரகங்களின் வடிகட்டும் வேகம், மூன்றாவது மாதம் முடிவதற்குள்ளேயே ஏறக்குறைய பாதியளவு அதிகரித்துவிடுகிறது. ஆய்வகச் சீட்டைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும். கழிவு வேகமாக வெளியேறுவதால் கர்ப்பிணியின் ரத்தத்தில் கிரியாட்டினின் பொதுவாக 0.4 முதல் 0.8 மில்லிகிராம்தான் இருக்கும். 1.0 என்று வந்தால், சீட்டில் அச்சிட்ட வரம்புக்குள் இருந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதே வேகத்தால் சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சிறுநீரில் சிறிது சர்க்கரை தெரியலாம். ஆகவே சிறுநீரை வைத்து முடிவு செய்யாமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். இந்த எளிய முறையை இந்தியாவில் பரவச் செய்ததில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பங்கு பெரிது.

முதல் மூன்று மாதம் கர்ப்பப்பை இடுப்புக்கூட்டுக்குள் இருந்து சிறுநீர்ப்பையை அழுத்தும். அது மேலெழுந்ததும் நடு மாதங்களில் கொஞ்சம் நிம்மதி. குழந்தையின் தலை கீழே இறங்கும் கடைசி மாதத்தில் தொல்லை திரும்பவும் தொடங்கும். பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராவதால் இரவிலும் எழ வேண்டியிருக்கும்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டும் இடத்தில், வளரும் கர்ப்பப்பை அதை நெருக்குகிறது. கர்ப்பப்பை சற்று வலப்பக்கம் சாய்ந்து திரும்பியிருக்கும். இடப்பக்கக் குழாய்க்குப் பெருங்குடலின் வளைவு தடுப்பாக நிற்கும். அதனால் வலப்பக்கக் குழாய்தான் அதிகம் நெரிபடும். ஸ்கேன் சீட்டில் ‘வலப்பக்கம் மைல்டு ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று வந்தால் சிறுநீரகம் போய்விட்டது என்று கலங்க வேண்டாம். வலியோ காய்ச்சலோ இல்லையென்றால் இது பெரும்பாலும் கர்ப்பத்தின் இயல்பான விரிவுதான். பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் சரியாகிவிடும்.

ஆனால் ஓடும் தண்ணீரில் பிடிக்காத பாசி தேங்கிய தண்ணீரில் பிடிப்பதுபோல, மெதுவாக இறங்கும் சிறுநீரில் கிருமிகள் பெருக வாய்ப்பு அதிகம். 1950-களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர், எரிச்சலோ வலியோ இல்லாத கர்ப்பிணிகளின் சிறுநீரிலும் கிருமிகள் இருக்கலாம் என்று காட்டினார். கவனிக்காமல் விட்டால் இவர்களில் நான்கில் ஒருவருக்குக்கூடச் சிறுநீரகத் தொற்று வரலாம்; அது குறைமாதப் பிரசவத்திலும் முடியலாம். தொந்தரவே இல்லாதபோதும் சிறுநீர்ப் பரிசோதனை கேட்பது இதற்காகத்தான்.

எப்போது உடனே போக வேண்டும்?

ஐந்து மாதத்துக்குப் பின் மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ வலி, கூடவே தலைவலி, பார்வை மங்கல் வந்தால், வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். அது ரத்த அழுத்தம் கூடி ஈரலைத் தாக்கும் முன்சூல்வலிப்பாக இருக்கலாம். செவிலியர் சிறுநீரில் நனைக்கும் பட்டையில் மஞ்சள் கட்டம் பச்சையாக மாறினால் புரதம் இறங்குகிறது என்று பொருள். அதுவும் இந்த நோயின் அடையாளம். தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாமை, குளிர்க்காய்ச்சலோடு விலாவலி, சிறுநீரில் ரத்தம், தடிப்பில்லாமல் உள்ளங்கை உள்ளங்காலில் கடும் அரிப்பு, அடக்க முடியாமல் கசியும் நீர், இவற்றில் எதுவும் சகஜமல்ல. கசிவது சிறுநீரா பனிக்குட நீரா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

நல்ல கழிப்பறை இல்லை என்பதற்காக வேலைக்குப் போகும் கர்ப்பிணிகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். மலச்சிக்கல், தொற்று இரண்டுக்கும் அது நேர்வழி. கர்ப்பிணி வேலை செய்யும் கடையானாலும் பள்ளியானாலும் தொழிற்சாலையானாலும், குடிக்க நல்ல தண்ணீரும், தாழ்ப்பாள் உள்ள சுத்தமான கழிப்பறையும், எழுந்து போக அனுமதியும் கொடுங்கள். அது சலுகை அல்ல, மருத்துவத் தேவை.