எல்லையோரத் தொழில்கள் – 9: பங்குதாரர்களின் மறியல்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் மறுபடி கேரளத்துக்குள் ஏறுகிறார்கள். கோபாலபுரம் சோதனைச்சாவடி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர் என்று போகும் வழி அது. மாநில எல்லையை இரண்டு தடவை கடந்தாலும் டீக்கடைப் பேச்சு தமிழாகவே இருக்கும். சித்தூர் தாலுகாவும் தேவிகுளம் தாலுகாவும் கேரள அரசின் கணக்கில் தமிழ் மொழிச் சிறுபான்மைப் பகுதிகள். இங்குள்ளவர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது.

சென்ற வாரம் சொன்னது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலுள்ள பிளாச்சிமடாவின் கதை. குளிர்பானத் தொழிற்சாலை உரம் என்று கொடுத்த கழிவில் காட்மியமும் ஈயமும் இருந்த செய்தி 2003இல் பிபிசி வானொலி வழியாகத்தான் வெளியே வந்தது. கழிவு கொட்டப்பட்ட நிலத்துக்காரர்களுக்கு அதைப் பற்றிய தகவல் லண்டனைச் சுற்றி வர வேண்டியிருந்தது. மூணாறின் கதையில் அந்தத் தூரம் இன்னும் விசித்திரமானது. இங்கே தகவல் கிடைக்காமல் தவித்தவர்கள் கம்பெனியின் பங்குதாரர்கள்.

2015 செப்டம்பர் தொடக்கத்தில் மூணாறு நகரில் ஆயிரக்கணக்கான பெண்கள் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை அடைபட்டது. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனியின் தலைமை அலுவலகம் முற்றுகைக்குள் வந்தது. தேயிலைக் காட்டில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, எடுக்க ஆளில்லை. முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் அந்த ஆண்டு 10 சதவீதமாகக் குறைந்ததுதான் உடனடிக் காரணம். 20 சதவீத போனஸ் வேண்டும், 232 ரூபாய் நாள்கூலி 500 ஆக வேண்டும் என்று கேட்டார்கள். சமாதானம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை, கொடியின் நிறம் பார்க்காமல், கூட்டத்துக்குள் விடவில்லை. ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயர் அப்போது பிறந்தது.

இதில் மேலாண்மைப் பாடப்புத்தகங்களைத் தடுமாற வைக்கும் செய்தி ஒன்று உண்டு. மறியல் செய்த பெண்கள் கூலிக்காரர்கள் மட்டுமல்லர், அந்தக் கம்பெனியின் பங்குகளையும் வைத்திருந்தவர்கள்.

அது எப்படி நடந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். 1880இல் ஏ.எச். ஷார்ப் பார்வதி என்ற இடத்தில் முதல் தேயிலையை நட்டார். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவாகி, ஃபின்லே குழுமத்தின் கைக்குள் இருந்தது. 1964இல் டாடா கூட்டுச் சேர்ந்தது. 1983இல் அது டாடா டீ ஆனது. கூலிக்கு ஆள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் வழியாக மலையேறியது. அந்தக் காலத்தில் கம்பெனி வேலையாட்களுக்கு நேரத்தைக்கூட எடுத்துச் சொல்லும் இடத்தில் இருந்தது. நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் 1913ஆம் ஆண்டின் கருங்கல் சூரியக் கடிகாரம் ஒன்றை இன்றும் பார்க்கலாம். அதைச் செய்தது நாசரேத் தொழிற்பள்ளி.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேயிலை விலை சரிந்தது. பீருமேடு பக்கத்தில் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. முதலாளிகள் இறங்கிப் போய்விட, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பட்டினி. டாடா டீயும் தோட்டம் வளர்ப்பதை விட்டுவிட்டு, டீத்தூள் விற்பதை மட்டும் வைத்துக்கொள்ள விரும்பியது. ஆனால் பூட்டிவிட்டுப் போகவில்லை. 2005 ஏப்ரலில் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி தோட்டங்களை எடுத்துக்கொண்டது. 12,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்கு வாங்கினார்கள். மொத்தப் பங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பகுதி அவர்களிடம் வந்தது. டாடா சிறு பங்குதாரராகத் தொடர்ந்தது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு என்பதைப் புதுக் கம்பெனி தன் அடையாளமாகவே சொல்லிக்கொண்டது. பீருமேட்டின் பூட்டுகளோடு ஒப்பிட்டால், அந்தப் பெருமைக்கு நியாயமும் இருந்தது. எஸ்டேட் ஓடியது, கூலி வந்தது, லயத்தில் அடுப்பு எரிந்தது.

பிறகு ஏன் நடுரோட்டுக்கு வந்தார்கள்? பேராசை என்று சிலர் சொன்னார்கள். வெளியாள் தூண்டுதல் என்று வேறு சிலர். இரண்டும் யோசிக்கச் சோம்பல்பட்டவர்களின் பதில்கள். தகவல் எந்தத் திசையில் ஓடியது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் பிடிபடும்.

கொழுந்தெடுக்கும் பெண்ணைப் பற்றிக் கம்பெனிக்குத் தெரியாதது குறைவு. காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் பதிவு. எந்தக் காட்டில், எந்த நிரையில் நின்றாள் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும். அவள் எடுத்த கொழுந்து தராசில் ஏறும். மழைநாளில் ஈரத்துக்கு என்று கழிப்பதும் உண்டு. 2015இல் ஒரு நாளைக்கு 21 கிலோ எடுத்தால்தான் முழுக்கூலி; அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக்காசு. லீவு, பிரசவம், ஓய்வு பெறும் தேதி எல்லாம் அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். கீழிருந்து மேலே போகும் தகவல் கிராம் சுத்தமாகப் போனது.

மேலிருந்து கீழே வந்தது வருஷத்துக்கு ஒரே ஒரு எண்: போனஸ் சதவீதம்.

அந்த எண் எப்படிப் பிறந்தது? அப்போது நடப்பிலிருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33, அதிகபட்சம் 20 சதவீதம். இடையில் எங்கே நிற்கும் என்பது லாபத்திலிருந்து தேய்மானம், வரி முதலியவற்றைக் கழித்த உபரியைப் பொறுத்தது. அதில் 60 சதவீதம் பங்கிடத் தக்க உபரி. முந்தைய ஆண்டுகளின் மிச்சமும் பற்றாக்குறையும் அதில் ஏறும், இறங்கும். கணக்குப்பிள்ளையே இரண்டு தடவை படித்தால்தான் புரியும் சங்கதி. முந்தைய ஆண்டு சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த லாபம் சுமார் 5 கோடிக்கு இறங்கிவிட்டது என்றது நிர்வாகம். அது பொய் என்று காட்டும் ஆதாரம் எதுவும் அப்போது வெளிவரவில்லை. ஆனால் எடுத்த கொழுந்தின் எடை குறையவில்லையே, பின் லாபம் மட்டும் ஏன் குறைந்தது என்று கேட்பவளுக்கு, ஏல விலையும் உற்பத்திச் செலவும் எங்கே எப்படி மோதிக்கொண்டன என்பதை உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் தொழிற்சங்கம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். சட்டமும் அப்படித்தான் நினைத்தது. தகராறு வழக்குக்குப் போனால், இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரிக்கு விளக்கம் கேட்கும் உரிமையை அதே போனஸ் சட்டத்தின் 23ஆம் பிரிவு தொழிற்சங்கத்துக்குத் தந்தது. சங்கம் இல்லாத இடத்தில்தான் தொழிலாளிகள் நேரடியாகக் கேட்க முடிந்தது. மூணாறில் சங்கங்கள் இருந்தன, அதுவும் ஒன்றுக்கு மூன்றாக. அவற்றின் மேல் நம்பிக்கை மட்டும் இல்லை. அதற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கவில்லை.

ஒரு தொழிலாளி கையிலிருந்தது சில நூறு பங்குகள். அதற்கு ஈவுத்தொகையாக வரும் காசு வீட்டுக் கணக்கைப் புரட்டிப் போடாது. ஆகவே பங்குதாரர் என்ற தகுதி பெட்டிக்குள் இருந்த ஒரு காகிதம். போனஸோ பிள்ளையின் பள்ளிக் கட்டணம். இரண்டில் எது உறைக்கும்?

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், தொழிலாளிக்குக் கணக்கைச் சொல்லும் விஷயத்தை வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். 1983இல் ஜாக் ஸ்டாக் என்பவரும் சக மேலாளர்களும் கடன் வாங்கி, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கைவிட இருந்த இன்ஜின் பழுதுபார்க்கும் ஆலையை வாங்கினார்கள். போட்ட முதல் ஒரு லட்சம் டாலர், வாங்கிய கடன் 89 லட்சம் டாலர். ஒரு தப்புக் கணக்கில் எல்லாம் போய்விடும் என்ற நிலை. கடைநிலை மெக்கானிக்குக்கும் வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வாராவாரம் எண்களை எல்லார் முன்னாலும் வைத்தார்கள். போனஸ் குறைந்தால் ஏன் குறைந்தது என்பது அது குறைவதற்கு முன்பே தொழிலாளிக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊரில் மொழிச் சிக்கல் இல்லை, எழுத்தறிவுச் சிக்கல் இல்லை, ஆள் எண்ணிக்கையும் சொற்பம் என்று சொல்லலாம், சரிதான். ஆனால் மூணாறில் தராசின் எண்ணை மனசுக்குள் கூட்டி, மாசக்கடைசியில் சம்பளச் சீட்டில் அரைக்கிலோ விடுபட்டாலும் கண்டுபிடிக்கிறவர்களுக்கு, கிலோவுக்கு ஏல விலை என்ன, செலவு என்ன என்ற இரண்டு எண்கள் பாரமாக இருந்திருக்காது.

பங்கைக் கொடுத்துவிட்டு விளக்கத்தைக் கொடுக்காததற்கு அசாமில் இன்னும் தெளிவான சாட்சி கிடைக்கிறது. டாடா டீ தன் வடகிழக்குத் தோட்டங்களை அமால்கமேட்டட் பிளாண்டேஷன்ஸ் என்ற கம்பெனிக்குக் கைமாற்றியபோது, உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி முதலீடு செய்தது. அங்கேயும் தொழிலாளர் பங்குத் திட்டம் வந்தது. 2014இல் கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் மனித உரிமை நிறுவனம் அதை ஆராய்ந்தது. பங்கு என்றால் என்ன, அதன் விலை இறங்கவும் செய்யும் என்பது பலருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று அந்த அறிக்கை எழுதியது. பின்னர் ஐஎஃப்சியின் சொந்தக் குறைதீர் அமைப்பும் அந்த முதலீட்டை விசாரித்தது.

மூணாறுக்குத் திரும்புவோம். ஒன்பதாவது நாளில், செப்டம்பர் 13 இரவு, முதலமைச்சர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சில் 20 சதவீதம் கிடைத்தது. அதன் கட்டுமானத்தைக் கவனிக்க வேண்டும்: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை. கணக்குப்படி போனஸ் ஏறவில்லை என்று நிர்வாகம் சொல்லிக்கொள்ளலாம்; கேட்டது முழுசாக வந்தது என்று பெண்கள் சொல்லிக்கொள்ளலாம். கூலி விஷயம் இழுபட்டு, அக்டோபரில் 301 ரூபாயில் முடிந்தது. போராட்டத் தலைவர்களில் ஒருவரான கோமதி அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு இயக்கம் பிளவுபட்டது. அது தனிக் கதை.

தகவல் மேலே மட்டும் போகும் அமைப்புக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. மேலே போகும் கம்பி அறுந்தால் மலை ஊமையாகிவிடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. எழுபது பேர் இறந்தார்கள். கனமழையில் மின்சாரம் போய், தொலைபேசித் தொடர்பும் செத்திருந்தது. செய்தி வெளியே எட்டியது மறுநாள் காலையில். பெரியவரை தற்காலிகப் பாலம் அடித்துக்கொண்டு போனதால் மீட்பு வண்டிகளும் தாமதித்தன. தினமும் கொழுந்தின் எடை தவறாமல் போய்ச் சேர்ந்த அதே பாதைதான் அது.

இப்போது புதுக் கவலை ஒன்று தோட்டங்களில் தலையெடுத்திருக்கிறது. கவாத்து வெட்டிய செடியில் முதல் கொழுந்தை எந்த உயரத்தில் கிள்ளுவது, எந்தக் காட்டை இந்த வாரம் விட்டு அடுத்த வாரம் எடுப்பது, கத்தரி போட்டால் எந்தச் செடி தாங்கும் என்ற விவரமெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் முழுசாக இல்லை. மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போனது அது. லய வீடு கம்பெனியுடையது. குடும்பத்தில் ஒருவர் வேலையில் இருந்தால்தான் வீடு நிலைக்கும் என்ற ஏற்பாடு, கொடுமையானதே என்றாலும், அந்த அறிவை வீட்டோடு கட்டி வைத்தது. படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் கொச்சிக்கும் இறங்கிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் வருகிறது. நூறு வருஷத்துக்கு மேல் தமிழில் பேசப்பட்ட வேலையைச் சூப்பர்வைசர்கள் பாதி இந்தியிலும் பாதி கைஜாடையிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். புதிதாக வருகிறவர் சில மாதங்களில் ஊர் திரும்பலாம். கற்றதும் அவரோடு போகும். பழைய ஆட்கள் ஓய்வு பெறுவதற்குள் அதை எழுதி வைக்கவோ படம் பிடித்து வைக்கவோ பெரிய செலவு ஆகாது. யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர்பேராக இருக்கிறது.

(அடுத்த வாரம்: கஞ்சிக்கோடு. ராஜஸ்தானின் கோட்டாவிலிருந்த தலைமை ஆலையை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தபோது, லாபத்தில் ஓடிய பாலக்காடு இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆலையின் வால்வுத் தொழிலாளர்கள்)