நோட்டரி முத்திரையில் ஊரைப் பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் வயல்களை ஒட்டியே தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும், ஒரகடத்தில் 2010-லும் கார் உற்பத்தி தொடங்கியது. நிலத்தின் விலை ஏறியதால், அரை ஏக்கர் உள்ளவர் வீட்டுக்கும் தரகர் முத்திரைத்தாளுடன் வருவது உண்டு. "நோட்டரி கையெழுத்து ஆகிவிட்டது, இனிப் பயமில்லை" என்று அவர் சொன்னால் விவசாயி சற்று நிதானிக்க வேண்டும்.

எல்லை எது?

நோட்டரிகள் 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமிக்கப்படும் வழக்கறிஞர்கள். மத்திய அரசு இந்தியா முழுவதற்குமோ, அதன் ஒரு பகுதிக்கோ நியமிக்கலாம். மாநில அரசு தன் மாநிலம் முழுவதற்குமோ, ஒரு பகுதிக்கோ நியமிக்கலாம். அவர் பெறும் தொழில் சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். சான்றிதழில் எந்தப் பகுதி குறிக்கப்பட்டுள்ளதோ அங்கு மட்டுமே அவர் பணி செய்யலாம். வேறு பகுதியும் வேண்டுமெனில் முறைப்படி விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும்.

இவ்வட்டாரத்தில் இது முக்கியம். ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அருகிலுள்ள சிங்கப்பெருமாள்கோயில், 2019-ல் தனி மாவட்டமான செங்கல்பட்டில் உள்ளது. பூந்தமல்லியோ திருவள்ளூர் மாவட்டம். காஞ்சிபுரத்துக்கு மட்டும் நியமனம் பெற்றவர் பூந்தமல்லியில் அமர்ந்து சான்றளிக்க இயலாது. ஆனால் இந்த எல்லை நோட்டரிக்கே அன்றி விவசாயிக்கு அல்ல. எந்த ஊர்க்காரரும் அவரது எல்லைக்குள் சென்று கையெழுத்துப் பெறலாம்.

முத்திரையைப் படியுங்கள்

நோட்டரியின் வட்ட முத்திரை 5 செ.மீ. குறுக்களவு உடையது. அதில் அவர் பெயர், பணிப் பகுதி, 'நோட்டரி' என்ற சொல், நியமித்த அரசின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். ஆவணம் அவரது பதிவேட்டிலும் ஏற வேண்டும். கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். நியமனம் பெறாமல் நோட்டரி என்று சொல்லிக்கொள்வது தண்டனைக்குரிய குற்றமாகும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

பத்திரம் தொலைந்தது, பட்டாவில் ஒரு பெயரும் ரேஷன் அட்டையில் வேறு பெயரும் உள்ளது போன்றவற்றுக்கான பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி சான்று பயன்படும். நகல்களைச் சரிபார்த்துச் சான்றளிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் நிலக் கிரயம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். லாரி நிறுத்தவோ, கிடங்கு கட்டவோ ஓராண்டுக்கு மேல் நிலத்தை வாடகைக்கு விட்டால் அதற்கும் பதிவு தேவை. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நிலம் சம்பந்தமான விற்பனை ஒப்பந்தமும், உள்நாட்டில் எழுதும் பவர் பத்திரமும் பதிவு செய்யப்பட வேண்டும். பவர் பத்திரத்தை வைத்து விற்பதால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்துள்ளது. எனவே நோட்டரி முத்திரை மட்டும் உள்ள தாளை நம்பி நிலத்தை விடவும் கூடாது, வாங்கவும் கூடாது.

கையெழுத்துக்கு முன்

வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம். படிக்கத் தெரியாதவர், நம்பிக்கையான ஒருவரை அழைத்துச் சென்று முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சர்வே எண்ணையும் பரப்பையும் பட்டாவோடு ஒப்பிடுங்கள். தரகர் எடுத்துச் சென்று முத்திரை வாங்கி வருவதை ஏற்காமல், நேரில் சென்று நோட்டரி முன்னிலையிலேயே கையெழுத்திடுங்கள்.

சந்தேகம் எழுந்தால் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி அங்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். ஒரு நாள் அலைச்சலுக்குச் சோம்பினால், பாட்டன் காலத்து நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க நேரிடும்.