குரலில்லாமல் நடித்த பாட்டுக்காரி

‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன் சரித்திரம்’ நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். 1867-இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் சொல்லி ஊர்ப்பெருமை பேசுகிறவர்களிடம் நான் அவரையும் சேர்த்துச் சொல்வேன். அவர் பாட்டுகள் நாடகக் கம்பெனிகளை ஆண்ட காலத்தில் மேடையேறியவர் என்பதால், டி. பி. ராஜலட்சுமி எனக்கு வேற்றூர்க்காரராகத் தோன்றியதே இல்லை.

1911-இல் திருவையாற்றில் பிறந்தார். சின்ன வயதிலேயே கல்யாணம், அது நிலைக்கவில்லை. அப்பாவும் போய்விட, அம்மாவோடு திருச்சிக்கு வந்து நாடகத்தில் சேர்ந்தார். பெண் வேஷத்தையும் ஆண்பிள்ளைகளே கட்டிய காலம் அது. மேடையேறிய பெண்ணை ஊர் வாய்க்கு வந்தபடி பேசும். ஒலிபெருக்கி கிடையாது, கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாட வேண்டும். அந்தத் தொண்டைதான் அவர் சொத்து.

சினிமாவுக்கோ அந்தத் தொண்டை தேவைப்படவில்லை. 1929-இல் ‘கோவலன்’, பிறகு ‘உஷா சுந்தரி’, ‘ராஜேஸ்வரி’, எல்லாமே பேசாப் படங்கள். நடுநடுவே எழுத்து வரும். படிக்கத் தெரியாத ஜனங்களுக்குத் திரையருகே ஒருவர் நின்று கதை சொல்வார். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறவள். வசனத்தைப் பிடுங்கிவிட்டால் அவர்கள் கை எப்படித் தவிக்கும் என்று பார்த்திருக்கிறேன். பாட்டாலேயே கூட்டத்தைக் கட்டிப்போட்டவர், கண்ணாலும் விரலாலும் மட்டுமே அத்தனையையும் காட்டினார். அந்தப் படங்களைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ பக்கம் ஓடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தியாகராஜர் கீர்த்தனையும் தேசபக்திப் பாட்டும் வந்தன. இரண்டையும் பாடியது அந்த நாடகத் தொண்டைதான். படத்தின் பிரதி இன்று இல்லை. 1933-இல் ‘வள்ளி திருமணம்’ படமானபோது வள்ளியும் அவரே. ‘சினிமா ராணி’ என்று ஜனங்கள் கொண்டாடினார்கள்.

அதோடு நின்றிருந்தாலே போதும். அவர் நிற்கவில்லை. தாம் எழுதிய நாவலையே கதையாக்கி 1936-இல் ‘மிஸ் கமலா’வைத் தயாரித்து, இயக்கி, நடித்தார். பம்பாயில் பேசாப்பட நடிகை ஃபாத்மா பேகம் 1926-லேயே இயக்குநராகியிருந்தார். தென்னிந்தியாவில் அதுவரை எந்தப் பெண்ணும் படம் இயக்கியதில்லை. ராஜலட்சுமிக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ.