நமது சட்டையை நாமே தைத்தல்

கல்லூரியிற் பயிலும் நம்மிற் பலர், நூல்கள் பல கற்றும், அறுந்த பொத்தான் ஒன்றைத் தாமே தைத்துக்கொள்ள அறியார். கற்றவன் கை ஊசியைத் தொடுதல் இழிவென்னும் எண்ணம் இன்னும் நம்மை விட்டு நீங்கிற்றில்லை. ஆதலின், வெயிற்காலத்திற்கேற்ற மெல்லிய அரைக்கைச் சட்டையொன்றைத் தைக்கும் முறையை ஈண்டுச் சுருக்கமாக விளக்கத் துணிந்தோம்.

முதலாவது துணி. மெல்லிய பருத்தித் துணியே நம் நாட்டு வெயிலுக்கு ஏற்றது. அது வியர்வையை ஈர்க்கும், காற்றுக்கும் இடங்கொடுக்கும். 36 அங்குல அகலமுள்ள துணியாயின், நடுத்தர உடலினர்க்கு இரண்டேகால் மீட்டர் போதும். வாங்கியவுடன் அதனை வெட்டலாகாது. நெசவின்போது இழுத்துக் கட்டப்பட்ட இழைகள் நீர்பட்டதும் தளர்ந்து சுருங்கும். இதனை அறியாது யாம் முதன்முறை தைத்த சட்டை, ஒரே சலவையில் எம் தம்பிக்கு உரியதாயிற்று. ஓரிரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே கத்தரிக்கோலை எடுத்தல் வேண்டும்.

இரண்டாவது அளவு. நன்கு பொருந்திப் பழுதான சட்டையொன்றைத் தையல் பிரித்துத் தேய்த்தால், அதன் துண்டுகளே சிறந்த வழிகாட்டிகள். அவற்றைப் புதுத் துணியின்மேற் பரப்பி, பாவு இழை மேலிருந்து கீழாக ஓடுமாறு வைத்து, பழைய தையற்சுவட்டிற்கு அரை அங்குலம் புறத்தே சாக்கட்டியாற் கோடிட்டு வெட்டுக. துணியை மடித்து இரு கைகளையும் ஒருங்கே வெட்டுக. தனித்தனியே வெட்டுவோர் இரண்டையும் ஒரே பக்கத்துக்குரியனவாய் வெட்டி வருந்துவதுண்டு.

மூன்றாவது தையல். முன்பக்கப் பட்டிகளை மடித்துத் தைத்து, பையை வைத்து, முதுகுத் துண்டைத் தோள்பட்டியுடன் சேர்த்து, தோள்களை இணைத்துக் காலரைப் பொருத்துக. பின்னர்க் கைகளை இணைத்து, கை முனையிலிருந்து சட்டையின் அடிவரை பக்கத் தையலை ஒரே ஓட்டமாக ஓட்டுக. மெல்லிய துணியின் ஓரம் எளிதிற் பிரியும். ஆகவே, பக்கத் தையலில் முதலில் உட்புறங்கள் ஒன்றையொன்று நோக்கக் கால் அங்குலத்தில் தைத்து, ஓரத்தைக் குறுக நறுக்கி, துணியைத் திருப்பி, மறுபடியும் கால் அங்குலத்தில் தைத்தல் நலம். பிரியும் ஓரம் உள்ளே அடங்கிவிடும். மெல்லிய ஊசியும் குறுகிய தையலும் இதற்கு இன்றியமையாதன. இறுதியில் அடியை மடித்து, மார்பின் அகன்ற இடத்தில் ஒரு பொத்தான் அமையுமாறு காஜா இடங்களைக் குறித்து முடிக்க.

இயந்திரங்களின் ஆதிக்கத்தைக் கடிந்த காந்தியடிகள், 1924-ஆம் ஆண்டில், விலக்களிக்கத் தக்க இயந்திரத்துக்கு உதாரணமாகத் தையல் இயந்திரத்தையே காட்டினார். மனைவியின் உழைப்பைக் குறைக்க விரும்பிய அன்பினின்று அது பிறந்ததென்பது அவர் கருத்து. யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, அவள் செய்துகொடுத்த ஆடைகளையே விதவைகள் அழுது காட்டினரென வேதம் கூறும்.

ஆகவே, முதற்சட்டையை நமக்கெனத் தைத்துப் பழகுவோம். இரண்டாவதை இல்லாதார் ஒருவர்க்கெனத் தைப்போம். காலர் ஒன்றை மும்முறை பிரித்துத் தைத்தவன், தையற்காரரிடம் கூலிக்கு வாதாட நாணுவான். இந்நாணமும் கல்வியின் பயன்களுள் ஒன்றென்றே கருதுகின்றோம்.