நோட்டீசும் ரசீதும் சொல்லும் வரலாறு
சென்னையிலும் பம்பாயிலும் செங்கொடி இயக்கம் விட்டுச் சென்ற காகிதங்கள்

வரலாறு என்றால் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி என்றே நமக்குப் பழக்கம். மன்னர்கள் கல்லில் வெட்டினார்கள். நிலம் விட்டவர்கள் செம்பில் எழுதி வைத்தார்கள். தொழிலாளிக்கு ஏது கல், ஏது செம்பு? அவன் கையில் கிடைத்தது உள்ளங்கை அகல நோட்டீஸ், சங்கத்துச் சந்தா ரசீது, வேலைநிறுத்த அறிவிப்பு, மலிவுக் காகிதத்தில் அடித்த வாரப் பத்திரிகை, அவ்வளவுதான். படித்து முடித்ததும் அதிலேயே கடலை கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நம் நாட்டு இடதுசாரி இயக்கத்தின் கதை பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரை எந்தக் கட்சிக்கும் பரிந்து பேசுவதற்கு அல்ல. அடியேன் வியாபாரி. ரசீது இல்லாத கணக்கு நிற்காது என்று தெரிந்தவன். அந்தக் கண்ணோடு இந்தக் காகிதங்களைப் பார்க்கலாம் வாருங்கள்.

சென்னைக் கடற்கரையில் தொடக்கம்

1923 மே 1ஆம் தேதி சென்னையில் ம. சிங்காரவேலர் (1860 – 1946) மே தினம் கொண்டாடினார். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னொன்று. இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதல் தடவை என்பார்கள். மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடியாக்கினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அழகான செய்திதான், ஆனால் அது செவிவழி வந்தது. கூட்டம் நடந்ததற்கும், அங்கே 'லேபர் கிசான் கட்சி' தொடங்கியதற்கும் சாட்சி அக்காலத்துப் பத்திரிகைச் செய்திகளும் அவர் வெளியிட்ட அச்சுத் தாள்களும்தான். ஆங்கிலத்தில் 'லேபர் கிசான் கெஜட்', தமிழில் 'தொழிலாளன்' என்று இரண்டு பத்திரிகை நடத்தினார்.

அதே காலத்தில் நம்ம பம்பாயில் எஸ்.ஏ. டாங்கே 1922இல் 'சோஷலிஸ்ட்' என்ற வார இதழைத் தொடங்கியிருந்தார். 1924இல் வந்த கான்பூர் சதி வழக்கில் டாங்கேக்குச் சிறை. சிங்காரவேலர் பெயரையும் சேர்த்தார்கள். உடல்நிலை காரணமாக அவர் தப்பினார். 1925 டிசம்பரில் அதே கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார்.

1931 அக்டோபரில் பெரியாரின் 'குடி அரசு' ஏட்டில் மார்க்ஸ் – ஏங்கல்ஸ் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கை தமிழில் தொடராக வரத் தொடங்கியது. பகத்சிங் எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' கட்டுரையை ஜீவா தமிழாக்க, பெரியாரின் தமையனார் ஈ.வெ. கிருஷ்ணசாமி வெளியிட்டார். இருவர் மீதும் ராஜத்துரோக வழக்கு! ஒரு சிறு புத்தகத்துக்கு அரசாங்கம் அவ்வளவு பயந்தது.

அயர்லாந்தில் ஒரு தாள்

காகிதத்துக்கு அப்படி என்ன வலிமை என்று கேட்கலாம். 1916இல் டப்ளின் நகரில் எழுச்சி நடந்தபோது, தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலி முதலானோர் கையெழுத்திட்ட விடுதலை அறிக்கையைத் தொழிற்சங்கக் கட்டடத்திலேயே ரகசியமாக அச்சடித்தார்கள். அச்சு எழுத்து போதவில்லை. மேல் பாதியை முதலில் அடித்து, அதே எழுத்துகளைக் கலைத்துக் கோத்துக் கீழ்ப் பாதியை அடித்தார்கள். அந்த ஏழ்மையைத் தாளே இன்றும் சொல்கிறது. அந்த நாளில் அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்து வி.வி. கிரி. நாடு திரும்பி ரயில்வே தொழிற்சங்கத் தலைவரானார். பின்னாளில் குடியரசுத் தலைவரும் ஆனார்.

போலீஸ் காத்த புதையல்

இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். இந்தத் தாள்களை அதிகம் காப்பாற்றியது இயக்கத்தார் அல்ல, போலீஸ்காரர்கள்!

1928இல் பம்பாய் மில்களில் ஏறக்குறைய ஆறு மாத வேலைநிறுத்தம். கிர்ணி காம்கார் சங்கம் பிறந்தது அப்போதுதான். 1929 மார்ச் 20ஆம் தேதி பல ஊர்களில் ஒரே நாளில் தலைவர்களைக் கைது செய்து, மீரட்டில் சதி வழக்குத் தொடுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்கு; பம்பாய்த் தொழிற்சங்கத்தார் பலர் அதில் இருந்தார்கள். வீடு, அலுவலகம் எல்லாம் சோதனை போட்டுக் கடிதம், கணக்கு, நோட்டீஸ், நிகழ்ச்சிக் குறிப்பு என்று கிடைத்ததையெல்லாம் அள்ளி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுச் சான்றாக வைத்தார்கள். 1933 ஜனவரியில்தான் தீர்ப்பு. ஆட்களைத் தண்டிக்கத் திரட்டிய அந்தக் கட்டுகளே இன்று ஆய்வாளருக்கு மூலதனம். அந்த வழக்கில் பிடிபடாமல் தப்பிய அமீர் ஹைதர் கான் பம்பாயிலிருந்து சென்னைக்குப் போய், வேறு பெயரில் அங்கே இளைஞர்களைத் திரட்டினார். நம் இரண்டு ஊர்களுக்கும் இப்படி ஒரு உறவு.

இன்னொன்றும் உண்டு. பிரிட்டிஷ் அரசு நம் மொழிப் பத்திரிகைகளில் வந்ததைச் சுருக்கி, ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக வைத்துக்கொண்டது. மூல இதழ் அழிந்தாலும் அதன் சாரம் அந்த அறிக்கைகளில் கிடைக்கும். அரசு தடை செய்த வெளியீடுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு தொகுப்பாகவே இருக்கின்றன.

கடிதம் செய்த கலகம்

கிடைத்த தாளெல்லாம் வேதவாக்கா? இல்லை. 1964 மார்ச்சில் பம்பாயின் 'கரன்ட்' வார இதழ் சில கடிதங்களை வெளியிட்டது. 1924இல் சிறையிலிருந்து டாங்கே பிரிட்டிஷ் அரசுக்குப் பணிந்து எழுதியவை, டில்லி ஆவணக் காப்பகத்தில் கிடைத்தவை என்றது. டாங்கே அவை போலி என்றார். சீனப் பிரச்சினை, காங்கிரசோடு உறவு என்று ஏற்கெனவே கட்சிக்குள் பெரும் பிணக்கு இருந்தது. இந்தக் கடிதங்கள் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின. ஏப்ரலில் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள், நம் என். சங்கரய்யா அவர்களில் ஒருவர். ஆண்டு முடிவதற்குள் கட்சி இரண்டாயிற்று.

ஆகவே தாளைக் காப்பதோடு வேலை முடியவில்லை. அதை உரசியும் பார்க்க வேண்டும். பொன்னுக்கு உரைகல் போல, இதற்கும் சில உண்டு. முதலில் தாளின் அடியைப் பாருங்கள். அக்காலத்தில் 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் இடமும் போட்டாக வேண்டியிருந்தது. அது இல்லையென்றால் ரகசியமாக அடித்தது என்று ஊகிக்கலாம். தேதி இல்லாவிட்டால் கூட்டம் நடந்த கிழமை, பேச்சாளர் பெயர், விலை அணாவிலா பைசாவிலா என்று பாருங்கள். 1957இல் பைசா மாறியது. அணாக்கணக்கு இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

நம் வீட்டுப் பெட்டிகள்

இப்போது நம் கதைக்கு வருவோம். தாராவித் தோல் பதனிடும் தொழிலிலும், மாதுங்கா ரயில்வே பணிமனையிலும், மில்களிலும், செம்பூர்ப் பக்கத்து ஆலைகளிலும் தமிழர் உழைத்தார்கள். 1938 நவம்பர் 7இல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து இந்நகரில் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். 1974 மே மாதம் நாடெங்கும் ரயில்வே வேலைநிறுத்தம். 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர். இதிலெல்லாம் நம்மவர் பங்கு என்ன? பெரியவர்கள் வாயால் கேட்டிருக்கிறோம். காட்டுவதற்குத் தாள்?

அந்தத் தாள் தகரப் பெட்டியில், பரண் மேல், பழைய பஞ்சாங்கத்துக்குள் இருக்கும். சஸ்பெண்ட் ஆர்டர், சங்க உறுப்பினர் அட்டை, தமிழில் அடித்த கூட்ட நோட்டீஸ், ஊருக்கு எழுதிய இன்லண்டு லெட்டர். தாராவியில் மறுசீரமைப்பு நடக்கிற காலம் இது. வீடு காலி பண்ணும்போது முதலில் போவது பழைய காகிதம்தான். அது எங்கே போகும்? அதே தாராவியின் 13ஆம் காம்பவுண்டுக்கு, கிலோ கணக்கில்!

கோட்டையூர் ரோஜா முத்தையா சைன்போர்டு எழுதும் ஓவியர். நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் உட்பட எல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின், அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. பட்டம் பெறாத ஒரு மனிதர் செய்தது இது. எங்கள் சமணத்தில் சாஸ்திர தானம் என்று ஒரு வழக்கம் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்ற கன்னட அம்மையார் ஒரு புராணத்துக்கு ஆயிரம் பிரதி எழுதுவித்துத் தானம் செய்தார். ஒரே பிரதி என்றால் ஒரு கரையான் போதும். பல பிரதி என்றால் பிழைக்கும். இன்று படம் எடுத்து வைப்பதும் அந்தத் தானம்தான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. லேமினேட் பண்ணாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள், குண்டூசியை எடுத்துவிடுங்கள். மரக்கூழ்க் காகிதம் வெயில் பட்டால் பழுத்துப் பொடியும், மழைக்கால ஈரத்தில் பூசணம் பிடிக்கும். ஆகவே நிழலில், காய்ந்த இடத்தில், மடிக்காமல் விரித்து வையுங்கள். யாருடையது, எந்த வருஷம், எந்தத் தெரு என்று தனித் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். தெளிவாகப் படம் எடுத்துப் பிள்ளைகள் நாலு பேருக்கு அனுப்புங்கள். மூலத்தைக் கொடுக்க மனம் வந்தால் ரோஜா முத்தையா நூலகத்திலோ, டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.சி. ஜோஷி ஆவணக் காப்பகத்திலோ விசாரிக்கலாம்.

நம் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியிலும் மாதுங்காவிலும் மேசை போட்டு உட்கார்ந்தால்கூடப் போதும். பெரியவர்கள் பெட்டியோடு வருவார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டால், எந்தத் தாள் யாருடையது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். பிறகு கேட்க ஆள் இருக்காது.